குறிப்பேட்டின் பின்பக்கம்

பாடக்குறிப்பேடு என்பது, வரும் வாரத்தில் எந்த வகுப்புக்கு எந்தப் பாடத்தை எந்த முறையில் நடத்துவது என்று ஆசிரியர் முன்கூட்டியே எழுதி, திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு மணி அடிக்கும் முன் தலைமையாசிரியரின் மேசைமேல் கையொப்பத்துக்காக வைக்க வேண்டிய ஏடாகும். தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் இவ்வேடு இல்லாத ஆசிரியர் இல்லை. அதை விரும்பி எழுதிய ஆசிரியரும் அரிதே. நாள், வகுப்பு, பாடம், நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு, கையொப்பம் என்று அடிக்கோலால் கட்டம் பிரித்த குயர் நோட்டுக்குப் பழுப்புத்தாளில் உறை போட்டு, மேலே வெள்ளைச் சீட்டு ஒட்டி, ஆண்டு முடிந்ததும் கயிற்றால் கட்டி அலமாரிக்கு அடியில் தள்ளிவிடுவதும், ஓய்வுபெற்ற சில ஆண்டுகளில் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுவதும் பொதுவான வழக்கம்.

புதுக்கோட்டை மாவட்டத்து ஈராசிரியர் பள்ளி ஒன்றில், அதாவது இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் பகிர்ந்துகொண்டு நடத்தும் பள்ளியில், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றி மறைந்த ஓர் ஆசிரியரின் குறிப்பேடுகள் மட்டும் எடைக்குப் போகாமல் பரணில் தங்கிவிட்டன. போகிப் பண்டிகைக்காகப் பரணை ஒழித்தபோது, தாமும் தொடக்கப்பள்ளி ஆசிரியையான அவருடைய மகள், அக்கட்டுகளை முதலில் கொளுத்த வேண்டிய குவியலோடுதான் சேர்த்து வைத்தார். கயிறு இற்று ஒரு கட்டு பிரிந்தபோது எழுந்த வாசனை, பிரில் மையும் கோந்தும் சாக்பீஸ் தூளும் பல ஆண்டு வெக்கையில் ஒன்றாக ஊறிய வாசனை, அவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவருடைய அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முழங்காலில் பலகையைக் குறுக்கே வைத்துக்கொண்டு குறிப்பெழுதும்போது வீடு முழுவதும் பரவியிருந்த வாசனை அது. அந்நேரத்தில் பிள்ளைகள் சத்தம் போடக்கூடாது. அம்மாகூட அம்மியை நிறுத்திவிடுவார்.

அவ்வேடுகளின் தனித்தன்மை அவற்றின் பின்பக்கங்களில் இருந்தது. ஏட்டைத் தலைகீழாகத் திருப்பி, பின்னட்டையிலிருந்து உள்நோக்கி எழுதிச் செல்வது அவ்வாசிரியரின் பழக்கம். முன்பக்கம் அரசாங்கத்துக்கு, பின்பக்கம் தனக்கு என்று அவர் வீட்டில் சொல்லிக்கொள்வார். முன்பக்கத்தில் ஒவ்வொரு வாரமும் நாளும் தேதியும் திருத்தமாக இருக்க, பின்பக்கத்தில் எந்தத் தேதியும் இராது. இரண்டு வரி, சில வேளை ஒரே சொல், எப்போதாவது ஒரு முழுப்பக்கம் என்று மனம் போன போக்கில் எழுதப்பட்டவை அவை. ஆயினும் தேதி இல்லாத அவ்வரிகளின் காலத்தை ஓரளவு சரியாகவே சொல்லிவிட முடியும். அதற்கு உதவுவது அவருடைய கையெழுத்தில் நேர்ந்த மாற்றங்கள்.

தொடக்க கால ஏடுகளில் எழுத்து முத்துமுத்தாக, சற்றே பயந்தாற்போல் இருக்கும். அவர் பயின்றது ஆதாரப் பயிற்சிப் பள்ளி. கைத்தொழிலின் வழியே கல்வி என்று காந்தியடிகள் 1937ஆம் ஆண்டில் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியை நடத்துவதற்கென ஆசிரியர்களைப் பழக்கிய பள்ளிகளுக்கு அப்பெயர். அங்கே தக்ளி சுற்றி நூல் நூற்கத் தெரியாதவருக்குத் தேர்ச்சி இல்லை. தக்ளி என்பது கையால் சுழற்றி நூல் நூற்கும் சிறு கதிர். அதே பள்ளியில்தான், இதற்கு எவ்வகையிலும் தொடர்பற்றவாறு, ஹெர்பார்ட் என்ற ஜெர்மானியத் தத்துவ அறிஞரின் பெயரால் வழங்கிய ஐந்து படிநிலைகளையும் மனப்பாடம் செய்வித்தார்கள்: ஆயத்தம், எடுத்துக்கூறல், ஒப்பிடல், பொதுமைப்படுத்தல், பயன்படுத்தல். 1776இல் பிறந்து 1841இல் மறைந்த ஒருவரின் சிந்தனை, அவருடைய சீடர்கள் கைப்பட்டு, இங்கிலாந்து வழியாக வந்து, கீரனூர்ப் பக்கத்தில் அவர் பணியாற்றிய கீற்றுக்கொட்டகையில் ‘காகமும் நரியும்’ பாடத்துக்குக் குறிப்பாக எழுதப்பட்டது என்பது நினைக்க நினைக்க வியப்பளிப்பது. இளம் ஆசிரியரின் முதல் ஏட்டில் அந்த ஐந்து தலைப்புகளும் சிவப்பு மையில் அடிக்கோடிடப்பட்டிருக்கின்றன. பின்பக்கத்தின் முதல் வரியோ இப்படி இருக்கிறது: “ஆயத்தம் முடிவதற்குள் மணி அடித்துவிட்டது.”

அவர் பணியில் சேர்ந்தது நயா பைசா வந்த புதிது. 1957 ஏப்ரல் முதல் நாளன்று நாணயம் பதின்ம முறைக்கு மாறியது. அதற்கு முன் ரூபாய்க்குப் 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. புதுக்கோட்டைப் பகுதியில் பிறந்தவர்க்கு இதற்கும் முந்தைய ஒன்று உண்டு. 1948இல் இந்திய ஒன்றியத்தோடு இணையும் வரை சமஸ்தானமாக இருந்த அவ்வூரில் அம்மன் காசு என்ற சிறு செப்புக்காசு புழங்கியது. எனவே அவ்வாசிரியர் சிறுவனாக அம்மன் காசில் மிட்டாய் வாங்கி, மாணவராக அணாவில் கணக்குப் போட்டு, ஆசிரியராக நயா பைசாவில் பாடம் நடத்தியவர். அடுத்த சில ஆண்டுகளில் படியும் மரக்காலும் போய் லிட்டரும், வீசையும் பலமும் போய்க் கிலோவும் பாடப்புத்தகத்துக்கு வந்தன. திண்ணைப்பள்ளி வழியில் அவருடைய தந்தையார் சொல்லிக் கொடுத்திருந்த கீழ்வாய் இலக்கம், அதாவது அரைக்கால், மாகாணி, காணி, முந்திரி என்று ஒன்றுக்குக் கீழே இறங்கும் பின்ன வாய்பாடு, வகுப்பில் எதற்கும் பயன்படாததாயிற்று. மகளுக்கு நினைவிருக்கும் வரை, மனக்கணக்குப் போடும்போது அவருடைய உதடுகள் அந்த வாய்பாட்டையே முணுமுணுத்தன. பலகையில் எழுதும்போது மட்டும் விடை தசமப் புள்ளியோடு வரும்.

பின்பக்கங்களில் மிகவும் கனத்த பகுதி ஒன்றுண்டு. அது 1978ஆம் ஆண்டுக்குரியது; அதைப் புரிந்துகொள்ள அதற்கும் சில ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும்.

மூன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்த ஒரு சிறுமிக்கு இடக்கைப் பழக்கம். அவ்வட்டாரத்தில் அதை நொட்டாங்கை என்பார்கள். சோற்றுக்கும் கும்பிடுவதற்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் வலக்கையே உரியது என்ற எண்ணம் ஊறிய சமூகத்தில், எழுத்துக்கு இடக்கை என்பது சரஸ்வதிக்குச் செய்யும் மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது. பெற்றோரே வந்து “அடிச்சாவது திருத்துங்க சார்” என்று கேட்டுக்கொண்டு போவார்கள். ஆசிரியர் திருத்தினார். சிறுமி இடக்கையில் பல்பத்தை எடுக்கும்போதெல்லாம் அடிக்கோலின் விளிம்பால் விரல்முட்டியில் ஒரு தட்டு. அவள் அழவில்லை என்றும், கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டாள் என்றும் பிற்காலத்தில் அவர் சொன்னதுண்டு. அவ்வாரத்து முன்பக்கக் குறிப்பில், மதிப்பீடு என்ற கட்டத்தில், “வலக்கைப் பழக்கம் – நல்ல முன்னேற்றம்” என்று இருக்கிறது. அதன் கீழே தலைமையாசிரியரின் பச்சை மைக் கையொப்பமும் இருக்கிறது. அந்த ஆண்டு முடிந்ததும் சிறுமி ஆடு மேய்க்கப் போய்விட்டாள். பள்ளியில் இடைநின்றோர் என்ற பட்டியலில் ஒரு பெயர் கூடியது.

1978ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தது. பெரியார் 1935ஆம் ஆண்டிலேயே ‘குடிஅரசு’ இதழில் கையாளத் தொடங்கிய மாற்றங்களுள் பெரும்பகுதி அவருடைய நூற்றாண்டை ஒட்டி அரசின் வழக்காயிற்று. மாறியவை 13 எழுத்துகள். ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் அதுவரை சங்கிலிக்கொம்பு பெறாமல், எழுத்தின் தலையோடு சேர்ந்து வளைந்த ஒரு சுழியைப் பெற்றிருந்தன. பிள்ளைகளும் ஆசிரியர்களும் அதைத் துதிக்கை என்றே அழைத்தனர். ணா, றா, னா ஆகியவையும், அவற்றை அடியொற்றி வரும் ஒகர ஓகார எழுத்துகள் ஆறும், தனியாகத் துணைக்கால் வாங்காமல் எழுத்தின் கடைக்கோட்டையே கீழே சுழித்து எழுதப்பட்டன. புதிய முறையில் எல்லா எழுத்துக்கும் ஒரே வகைக் கொம்பு, ஒரே வகைக் கால். அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சுக்காரருக்கும் கற்கும் குழந்தைக்கும் இது பெரிய எளிமை என்பதில் ஐயமில்லை. இடர்ப்பட்டவர்கள், ஏற்கெனவே கற்றவர்கள்தாம்.

சுற்றறிக்கை வந்த வாரத்தில், இரண்டாம் வகுப்புக்கு ‘யானை’ என்று கரும்பலகையில் எழுதினார் ஆசிரியர். கை தானாகத் துதிக்கை போட்டது. அழித்தார், மீண்டும் எழுதினார், மீண்டும் துதிக்கை. மூன்றாம் முறை, பல்லைக் கடித்துக்கொண்டு, முதலில் சங்கிலிக்கொம்பு, பிறகு ‘ன’ என்று பிரித்துப் பிரித்து எழுதி முடித்தபோது, முன்வரிசையில் இருந்த பொடியன் ஒருவன் எழுந்து, “யானைக்குத் தும்பிக்கைய வெட்டிட்டாங்களா சார்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது, ஆசிரியரும் சிரித்தார். வீட்டில் இதைச் சொல்லி அன்றிரவு எல்லாரும் சிரித்தார்கள். அப்போது பள்ளி செல்லும் வயதில் இருந்த மகளுக்கு அந்தச் சிரிப்பு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அதே நாளுக்குரியது என்று கருதத்தக்க பின்பக்கத்தில் சிரிப்புக்கு இடமே இல்லை. பழைய துதிக்கையும் புதிய கொம்பும் ஒரே வரியில் கலந்து கிடக்கும் அந்தப் பக்கத்தை மகள் இவ்வளவு காலமும் பார்த்ததில்லை:

“நாற்பது வயதுக் கை சொன்னால் கேட்கவில்லை. யாரும் அடிக்கவில்லை, அப்படியும் கேட்கவில்லை. எட்டு வயதுக் கையை முட்டியில் அடித்து ஒரு பருவத்தில் திருப்பினேன். முன்னேற்றம் என்று எழுதினேன்.”

அடுத்து இரண்டு பக்கங்கள் முழுவதும் லை, ளை, னை, ணை என்று எழுதிப் பழகியிருக்கிறார். முதல் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல் பெரிய பெரிய எழுத்துகள். பின்னர்த் தமிழ் வரிவடிவத்தின் வரலாற்றை அவர் தேடிப் படித்ததற்கான தடயங்கள் வருகின்றன. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் இன்றுள்ள வேறுபாட்டை நிறுவியவர் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் என்பதை ஒரு வரியில் குறித்திருக்கிறார். சித்தன்னவாசலுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றபோது, ஏழடிப்பட்டத்துக் குகைத்தளத்தில் சமண முனிவர்களின் கற்படுக்கையருகே வெட்டப்பட்டுள்ள தமிழ்பிராமி எழுத்துகளைக் காட்டி, இதுவும் நம் எழுத்தே என்று சொன்னபோது பிள்ளைகள் நம்ப மறுத்ததையும் எழுதியிருக்கிறார். இவையெல்லாம் எந்தப் பயிற்சி முகாமிலும் கிடைத்தவையல்ல. எழுத்து மாறியதால் கை பட்ட தொல்லையிலிருந்து தொடங்கி, ஒரு கேள்வி அடுத்ததற்கு இழுத்துச் செல்ல, புதுக்கோட்டைக்குப் பேருந்தில் போய் அருங்காட்சியகத்திலும் நூலகத்திலும் உட்கார்ந்து தேடியவை.

தலைமையாசிரியராகப் பதவி உயர்வு பெற்றபின் அவருடைய ஏட்டில் ஒரு மாறுதல் தெரிகிறது. அதுவரை ஒவ்வொரு வாரமும் கையொப்பக் கட்டத்தில் “பார்வையிடப்பட்டது”, “துணைக்கருவி போதாது”, “திருத்தமாக எழுதுக” என்றெல்லாம் மேலவரின் குறிப்புகள் இருக்கும். இனி அவர் மற்றொருவரின் ஏட்டில் கையொப்பமிட வேண்டியவர். அவருடைய ஏட்டைப் பார்க்க, ஆண்டாய்வுக்கு வரும் அலுவலரைத் தவிர, யாரும் இல்லை. எனினும் கட்டத்தைக் கோடு போட்டுப் பிரிப்பதை அவர் விடவில்லை. வாரந்தோறும் ஒரு வெற்றுக் கட்டம். தன் கையொப்பத்தைத் தானே போட்டுக்கொள்வதில் அவருக்கு விருப்பமில்லை என்று மகள் கருதுகிறார். வெறும் பழக்கம் என்று கருதுவதற்கும் இடமுண்டு.

அறிவொளி இயக்கம் வந்தபோது அவர் ஐம்பதைத் தாண்டியிருந்தார். 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் கீழ், மாவட்டம் மாவட்டமாக முழு எழுத்தறிவை இலக்காகக் கொண்டு நடந்த பெருமுயற்சிக்குத் தமிழ்நாட்டில் வழங்கிய பெயர் அறிவொளி. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில் அது ஊர்தோறும் பரவியது. கலைக்குழுக்களின் வீதி நாடகங்களும், பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டதும், கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களே குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் அக்காலத்தை நேரில் கண்டவர்களால் இன்றும் பேசப்படுகின்றன. சைக்கிளைப் பற்றி ஒரு சிறு செய்தி: பெண்களுக்கான சைக்கிள்கள் போதாதபோது, நடுவே பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே பெண்கள் எடுத்தனர், பிள்ளையை உட்கார வைக்க அந்தப் பார் தோதாக இருந்ததால் பலர் அதையே விரும்பவும் செய்தனர். ஊர்ப் பெரியவர்கள் முதல் வாரம் கேலி செய்தார்கள், இரண்டாம் வாரம் திட்டினார்கள், மூன்றாம் வாரம் தண்ணீர்க்குடம் வழக்கத்தைவிட முன்னதாக வீடு வந்து சேர்வதைக் கண்டு பேசாமல் இருந்துவிட்டார்கள்.

பள்ளித் தாழ்வாரம் இரவு எட்டு மணிக்கு மேல் அறிவொளி மையமாயிற்று. கற்பிப்பவர்கள் ஊதியமில்லாத் தொண்டர்கள். பெரும்பாலும் இளைஞர்கள், அவர்களுள் ஆசிரியப் பயிற்சியில் இருந்த மகளும் ஒருவர். அனுபவமுள்ளவர் என்ற முறையில் ஆசிரியர் அவர்களுக்கு வழிகாட்டப் போனார். முதல் கூட்டத்திலேயே அவருடைய முப்பதாண்டு அனுபவம் தடுமாறியது. முதியோர்க்கு ‘அ, ஆ’ என்று அரிச்சுவடியிலிருந்து தொடங்கக் கூடாது. அவர்கள் வாழ்வில் புழங்கும் ஒரு சொல்லை முழுதாகக் காட்டி, அதைப் பற்றிப் பேசவிட்டு, பிறகே அதை எழுத்துகளாகப் பிரிக்க வேண்டும் என்பது அம்முறை. ‘அ’வில் தொடங்காத கல்வியை அவர் அறிந்ததில்லை. வீட்டுக்கு வந்து மகளோடு வாதிட்டார். மகளுக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

சில நாள் கழித்து, மகள் ‘படி’ என்ற சொல்லை அட்டையில் எழுதிக் காட்டி, இதற்கு என்ன பொருள் என்று கேட்டபோது அவரும் பின்னே உட்கார்ந்திருந்தார். புத்தகம் படிப்பது என்ற விடையைத்தான் தந்தையும் மகளும் எதிர்பார்த்தனர். சுருக்குப்பையை அவிழ்த்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஓர் அப்பத்தா, தலையை நிமிர்த்தாமலே, “படின்னா எட்டு ஆழாக்கு” என்றார். இன்னொருத்தி “வாசப்படி” என்றாள். படிப்பதைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. பிறகு அப்பத்தா ஒரு கேள்வி கேட்டார்: ரேஷன் கடையில் மண்ணெண்ணெயை லிட்டர் என்கிறானே, ஒரு படிக்கு அது எவ்வளவு? சின்னப்படி, பெரியபடி என்று ஊருக்கு ஊர் மாறிய அளவு அது. எந்தப் பாடப்புத்தகத்தின் பட்டியலைக் கொண்டும் சொல்லிவிட முடியாது. மறுநாள் அப்பத்தா வீட்டிலிருந்து பித்தளைப் பூண் போட்ட மரப்படியைக் கொண்டுவர, ஆசிரியர் பள்ளியின் லிட்டர் குவளையை எடுத்துவர, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் ஆற்றுமணலை அள்ளி அள்ளிக் கொட்டி அளந்தார்கள். அந்த ஊர்ப் படி ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேலே நின்றது. கடைக்காரர் அதுவரை ஒரு லிட்டரைத் தந்துவிட்டு, படி கணக்கில்தான் தந்ததாகச் சொல்லி வந்திருக்கிறார் என்பதைப் பெண்கள் அங்கேயே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள். எழுதத் தெரியாத அவர்கள் போட்ட அக்கணக்கில் அரைக்காலும் மாகாணியும் வந்தன. முப்பது ஆண்டுகளாக உதட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த வாய்பாட்டை அன்று ஆசிரியர் வாய்விட்டுச் சொன்னார்.

அந்த மையத்துக்குத்தான், அன்று ஆடு மேய்க்கப் போன அவளும் வந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய்; கல்குவாரியில் ஜல்லி உடைப்பவள். ஆசிரியர் முதலில் அடையாளம் காணவில்லை. பெயரைச் சொன்னதும் கண்டுகொண்டு, எல்லாருக்கும் நீட்டியதுபோல் பல்பத்தை அவள் முன் நீட்டாமல், தரையில் வைத்துவிட்டுச் சற்று ஒதுங்கி நின்றார். அவள் வலக்கையில் எடுத்தாள். எழுத்து நடுங்கியது. எந்தக் கை வசதியோ அந்தக் கையில் எழுதம்மா என்றார். அவள் சிரித்துக்கொண்டே, “எழுதுறதுக்கு இந்தக் கைதான்னு நீங்கதான சார் சொன்னீங்க. கல்லு ஒடைக்கத்தான் அந்தக் கை” என்றாள். குற்றம் சொல்லும் தொனி அதில் இல்லை என்று அருகில் இருந்த மகள் உறுதியாகச் சொல்கிறார். ஒரு விதியை மறக்காமல் காப்பாற்றி வந்தவளின் பெருமிதமே இருந்ததாம். ஆசிரியர் அன்று மையம் முடியும் வரை இருக்கவில்லை. அவர் அதைப் பற்றிப் பின்பக்கத்தில் எழுதியிருப்பார் என்று எதிர்பார்த்து மகள் அவ்வாண்டு ஏட்டைப் புரட்டினார். ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளின் பட்டியலில், இரண்டு பெயர்களுக்கு எதிரே “இடக்கை. யாரும் திருத்த வேண்டாம்” என்று முன்பக்கத்திலேயே, அரசாங்கத்துக்குரிய பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஓய்வுபெறும் தறுவாயில் கிளை நூலகத்தில் கிஜுபாய் பதேக்காவின் ‘பகல் கனவு’ அவர் கைக்குக் கிடைத்தது. குஜராத்தின் பாவ்நகரில் குழந்தைப் பள்ளி நடத்திய கிஜுபாய், லட்சுமிராம் என்ற கற்பனை ஆசிரியர் நான்காம் வகுப்பைத் தம் விருப்பப்படி நடத்த அனுமதி பெற்று, முதலில் பாடத்தை ஒதுக்கி வைத்துக் கதை சொல்லத் தொடங்குவதை விரிவாக எழுதிய நூல் அது. ஏட்டின் பின்பக்கத்தில் இதைப் பற்றி இருப்பது ஒரே வரி: “கிழவனுக்குக் கிடைத்த முறுக்கு.” இவ்வளவு காலமும் ஹெர்பார்ட்டைக் கொடுத்து, நம் நாட்டிலேயே எழுதப்பட்டதைக் காட்டாமல் விட்ட பயிற்சி முறையின்மீது அவருக்கு இருந்த மனக்குறை நியாயமானதே.

பணி ஓய்வோடு ஏடுகள் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. முற்றுப்பெறாத பழைய நோட்டுகளின் எஞ்சிய தாள்களை அவர் தொடர்ந்து நிரப்பிக்கொண்டிருந்தார். தாள் வீணாவது அவருக்குப் பொறுக்காது.

2007–08 கல்வியாண்டில் செயல்வழிக் கற்றல் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் முழுமைக்கும் வந்தது. ஆந்திரத்தில் மதனப்பள்ளியை அடுத்துள்ள ரிஷிவேலிப் பள்ளியின் கிராமப்புறக் கல்வி அனுபவத்திலிருந்து ஊக்கம் பெற்று, முதலில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்த முறை அது. பாடங்கள் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்படும். அட்டைகளில் பறவை, விலங்கு போன்ற சின்னங்கள் இருக்கும். எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்பதைச் சுவரில் தொங்கும் ஏணி காட்டும். குழந்தை தன் வேகத்தில் ஏறிச் செல்லும். கரும்பலகை குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. பிள்ளைகளின் படங்களைத் தொங்கவிடத் தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டப்பட்டது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார வேண்டியதாயிற்று. அப்போது பணியில் பதினைந்தாண்டு முடித்திருந்த மகள், பயிற்சி முகாமிலிருந்து வந்ததும் அட்டைப் பெட்டியைத் திண்ணையில் தொப்பென்று போட்டு, இத்தனை ஆண்டு நடத்தியதெல்லாம் பாடமே இல்லையா என்று பொருமினார். மூட்டுவலியோடு பாயில் உட்கார்வதைப் பற்றியும் நிறையச் சொன்னார்.

எழுபதை நெருங்கியிருந்த தந்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெட்டியைத் திறந்து அட்டைகளை ஒவ்வொன்றாகத் திண்ணையில் பரப்பினார். முயல், கிளி, அணில் என்று சின்னம் பார்த்து அடுக்கி, ஏணியோடு ஒப்பிட்டு, இடையில் ஓர் அட்டை குறைகிறது என்பதையும் கண்டுபிடித்தார். முன்னே சென்ற குழந்தை பின்னே வருபவனுக்குச் சொல்லித் தரும் குழுவைப் பற்றி மகள் விளக்கியபோது அவருக்குப் பிடிபட்டுவிட்டது. “இது நம்ம சட்டாம்பிள்ளைதானம்மா” என்றார். திண்ணைப்பள்ளியில் ஆசிரியருக்கு அடுத்த நிலையில் இருந்து மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் மூத்த மாணவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்தியபோது, உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டு, மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையோடு அதை இணைத்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. இங்கிருந்து போனது, ரிஷிவேலி வழியாகச் சுற்றிக்கொண்டு வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது என்று தந்தை வாதிட்டார். வரலாற்று ஆய்வாளர்கள் இந்த நேர்கோட்டை ஒப்பமாட்டார்கள். ஆனால் மகளின் பொருமல் அன்றோடு பாதி குறைந்தது. மறுவாரம் தந்தையே பள்ளிக்கு வந்து, பாயில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, அணில் அட்டை வைத்திருந்த குழுவில் சேர்ந்துகொண்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்த சிறுமி, தாத்தா அடுத்த அட்டையை எடுக்கும் முறை வரவில்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

கடைசி ஏடு செல்பேசியைப் பற்றியது. மகன்வழிப் பேரன் கொண்டுவந்து கொடுத்த தொடுதிரைப் பேசியில் தமிழ் தட்டச்சுச் செய்ய அவர் எண்பதை எட்டும் வயதில் பழகினார். அதிலும் அதே எழுத்துதான் குறுக்கே நின்றது. ‘லை’ என்பதைப் பழைய முறையில் துதிக்கையோடு எழுதினார். 1978க்குப் பின் முதலில் சங்கிலிக்கொம்பு, பிறகு ‘ல’ என்று எழுதப் பழகினார். செல்பேசியிலோ முதலில் ‘ல’வைத் தொட்டு, பிறகு கொம்பைத் தொட வேண்டும், கொம்பு தானாகத் தாவி முன்னே போய் நின்றுகொள்ளும். கண்ணுக்கு முன்னே தெரிவது விரலுக்குப் பின்னே வர வேண்டியிருந்ததால் நெடுநாள் குழம்பினார். ஏட்டில் இரண்டு பக்கத்துக்கு இந்த வரிசையை எழுதிப் பார்த்திருக்கிறார், நாற்பது வயதில் எழுதியதுபோலவே பெரிய பெரிய எழுத்துகளில், இப்போது கோடு கொஞ்சம் அலைய.

அதை அடுத்த தாளில் பழைய பழக்கப்படி அடிக்கோல் வைத்துக் கட்டம் பிரித்திருக்கிறார். பாடம்: கைப்பேசியில் தமிழ். நோக்கம்: பிறர் உதவியின்றிச் செய்தி அனுப்புதல். துணைக்கருவி: பேரன். மதிப்பீடு என்ற கட்டத்தில், மகளுக்கு ஒரு செய்தி, மூன்று சொல்லுக்குக் குறையாமல் என்று இருக்கிறது. அந்தச் செய்தி மகளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுக்களையில் இருந்தபோது, கூடத்தில் இருந்த அப்பாவிடமிருந்து வந்தது: “மழை வருது துணியை எடு.” அவர் துணியை எடுத்து முடிப்பதற்குள் இரண்டாவது முறையும் வந்தது.

கையொப்பக் கட்டம் இம்முறை வெறுமையாக இல்லை. அதில் பென்சிலால், கட்டத்தை மீறிக்கொண்டு, “பார்த்தேன். வேகம் போதாது” என்று எழுதி, அதன் கீழே பேரன் தன் பெயரையும், மூன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு என்பதையும் எழுதியிருந்தான்.